அடக்கவிலை அறிந்து விலை பேசுதல்

புத்தளம் மாவட்டக் கரையோரக் காய்கறிச் செய்கையாளர்க்கும் நெற்செய்கையாளர்க்கும்

நிலத்தைப் பண்படுத்தல், நல்விதை தெரிதல், காலமறிந்து பசளையிடல், நோய் பீடைகளைக் கட்டுப்படுத்தல் ஆகியவற்றில் எம் மாவட்டக் கமக்காரர் சிறந்த அனுபவம் உடையவர்கள். கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில், ஆழங்குறைந்த கிணற்று நீரைக் கொண்டு பீற்றூட், மிளகாய், வெங்காயம், கத்தரி, பூசணி முதலியவற்றை ஆண்டு முழுவதும் விளைவிப்பது எளிய காரியமன்று. ஆயினும் நன்றாக விளைந்த பயிரே விற்கும் இடத்தில் நட்டமாக முடிவதை நாம் அடிக்கடி காண்கின்றோம். அந்நட்டத்துக்குச் சந்தை விலை மட்டும் காரணமன்று. தமது பொருளின் அடக்கவிலை இன்னதென அறியாமல் விலை பேச நிற்பதும் ஒரு காரணமாகும்.

நெல்லுக்கு அரசாங்கம் 1948ஆம் ஆண்டு முதல் உத்தரவாத விலைத் திட்டத்தை நடத்தியது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைக்கப்பட்டது. காய்கறிகளிற் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய நிலையான உறுதிவிலை இல்லை. அவற்றின் விலை ஒவ்வொரு நாளும் தோட்டத்து வேலியருகிலும், சந்தைக் கடை வாயிலிலும் பேசியே தீர்மானிக்கப்படுகின்றது. ஆகவே விலை பேசும் முறையைக் கற்றல் காய்கறிச் செய்கையாளருக்கு மண்வெட்டி பிடிக்கக் கற்பதைப் போன்றே இன்றியமையாததாகும்.

இன்று பெரிய அங்காடி நிறுவனங்களும் விடுதிகளும் கொள்முதலுக்கெனப் பயிற்சி பெற்ற அலுவலர்களை வைத்திருக்கின்றன. அவர்கள் பேச வருமுன்னரே, ஒரு கிலோ பீற்றூட்டை விளைவிக்கக் கமக்காரருக்கு என்ன செலவாகும், லொறிக் கூலி எவ்வளவு, வேறு எவர் எவ்விலைக்குத் தருவர் என்பவற்றைக் கணக்கிட்டுக்கொண்டு வருகின்றனர். நம் செலவை அவர் அறிந்திருக்க நாம் அறியாதிருத்தல் தகுமா? அவர் செய்யும் அதே கணக்கைக் கமக்காரரும் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு செய்துகொள்ளலாம்.

1. அடக்கவிலையைக் கணக்கிடும் முறை

அரை ஏக்கர் பீற்றூட் செய்கை ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். கீழே தரப்பட்ட எண்கள் கணக்கின் முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை மட்டுமே. ஒவ்வொருவரும் தத்தம் செலவை இவற்றின் இடத்தில் இட்டுக்கொள்ளல் வேண்டும்.

அறுவடைக்கு முன் கையிலிருந்து கொடுத்த பணம்:
விதை — 30,000 ரூபா
நிலம் பண்படுத்தல், பாத்தி அமைத்தல் — 20,000 ரூபா
சேதனப் பசளை — 25,000 ரூபா
இரசாயனப் பசளை — 25,000 ரூபா
பீடைநாசினி — 15,000 ரூபா
நீர் இறைக்கும் மின்சாரம் அல்லது எரிபொருள் — 20,000 ரூபா
நடுகை, களையெடுப்புக் கூலி — 45,000 ரூபா
கூட்டுத்தொகை — 1,80,000 ரூபா

கையிலிருந்து கொடாத, எனினும் உண்மையான செலவு:
குடும்பத்தார் உழைப்பு, 40 நாள், நாளொன்றுக்கு 2,000 ரூபா வீதம் — 80,000 ரூபா
நிலத்தின் குத்தகைப் பெறுமதி — 22,000 ரூபா
நீரிறைக்கும் இயந்திரத்தின் தேய்மானம் — 10,000 ரூபா
முதலீட்டுக்கு வட்டி — 8,000 ரூபா
கூட்டுத்தொகை — 1,20,000 ரூபா

பிடுங்கி, கழுவி, தரம் பிரித்து, மூட்டை கட்டும் செலவு — 40,000 ரூபா

மொத்தம் — 3,40,000 ரூபா

தேய்மானம் என்பது பலருக்குப் புதிய சொல்லாக இருக்கலாம். இயந்திரத்தை 1,20,000 ரூபாவுக்கு வாங்கி ஆறு ஆண்டு உழைக்கும் என எண்ணினால், ஆண்டுக்கு இரு போகமாகப் பன்னிரண்டு போகம் அது உழைக்கும். போகமொன்றுக்கு 10,000 ரூபாவை விளைச்சலிலிருந்து ஒதுக்கி வையாவிடின், ஏழாம் ஆண்டில் புது இயந்திரம் வாங்கக் கடன்படவே நேரிடும்.

இனி விளைச்சலுக்கு வருவோம். பிடுங்கியது 5,000 கிலோ என்க. அதில் சிறுத்தவை, வெடித்தவை, கிளைத்தவை எனக் கழிந்தது 750 கிலோ. விற்கத்தக்கது 4,250 கிலோ மட்டுமே. மொத்தச் செலவாகிய 3,40,000 ரூபாவை 4,250ஆல் வகுத்தால், கிலோ ஒன்றின் அடக்கவிலை 80 ரூபா ஆகும்.

பலர் கணக்கிடும் முறையோ வேறு. கையிலிருந்து போன 1,80,000 ரூபாவையும் அறுவடைச் செலவையும் கூட்டி, அந்த 2,20,000 ரூபாவைப் பிடுங்கிய 5,000 கிலோவால் வகுத்து, அடக்கவிலை 44 ரூபா என்று எண்ணுகின்றனர். 55 ரூபாவுக்கு விற்றபோது கிலோவுக்கு 11 ரூபா இலாபம் எனவும் மகிழ்கின்றனர். உண்மையில் அவர் விற்ற ஒவ்வொரு கிலோவுக்கும் 25 ரூபா குறைவாகவே பெற்றார். அக்குறைவை ஈடுசெய்தது அவர் மனைவி மக்களின் கூலிபெறாத உழைப்பும், தேய்ந்துபோகும் இயந்திரமுமே. இலாபம் பெற்றதாக எண்ணும் வீட்டிலும் கடன் வளர்வதன் மருமம் இதுவே.

2. மனத்தில் கொள்ளவேண்டிய மூன்று விலைகள்

மேற்கூறிய கணக்கிலிருந்து மூன்று விலைகள் கிடைக்கின்றன.

முதலாவது, முழு அடக்கவிலை. இவ்வுதாரணத்தில் 80 ரூபா. அடுத்த போகத்தில் இப்பயிரை மீண்டும் இடலாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது இவ்விலையைக் கொண்டே.

இரண்டாவது, கைப்பணம் மீளும் விலை. 2,20,000 ரூபாவை 4,250ஆல் வகுக்க ஏறத்தாழ 52 ரூபா. இதற்குக் கீழே விற்றால் அடுத்த விதைப்புக்குக் கையில் பணம் இராது.

மூன்றாவது, அறுவடைச் செலவு மட்டும் மீளும் விலை. 40,000 ரூபாவை 4,250ஆல் வகுக்க ஏறத்தாழ 9 ரூபா 40 சதம். சந்தை விலை இதற்கும் கீழே இறங்கின், பிடுங்குவதே மேலும் நட்டமாகும்.

பயிர் முற்றி நிலத்தில் நிற்கும்போது, விதைக்கும் பசளைக்கும் செலவிட்ட பணம் திரும்பி வாராது. விற்றாலும் விற்காவிட்டாலும் அது போனதுதான். ஆகவே, “என் அடக்கவிலை 80 ரூபா, அதற்குக் குறைய ஒரு கிலோவும் கொடேன்” என்று பிடிவாதம் பிடித்துப் பயிரைப் பாழாக்குதல் அறிவுடைமை ஆகாது. அவ்வாறே, “கிடைத்தது போதும்” என்று முதலில் வந்தவருக்குக் கொடுத்தலும் தவறு. 80 ரூபா கிடையாத இடத்தில், அன்று கிடைக்கக்கூடிய மிக நல்ல விலை எது என்று தேடுதலே செய்யத்தக்கது. அதனை அறிய அடுத்த கணக்கு உதவும்.

3. தோட்டத்து விலையும் சந்தை விலையும்

கரையோரத்து விளைபொருள் நுரைச்சோலையிலும், 1999ஆம் ஆண்டு தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலும், புறக்கோட்டையிலிருந்து இடம் மாற்றப்பட்டு 2020 நவம்பரில் பேலியகொடையில் திறக்கப்பட்ட மெனிங் சந்தையிலும் விற்கப்படுகின்றது. தோட்டத்தில் வியாபாரி 70 ரூபா தருகையில் சந்தையில் 95 ரூபா என்று கேள்விப்பட்டால், இடையில் 25 ரூபாவை அவர் விழுங்குகின்றார் என்று எண்ணத் தோன்றும். 1,000 கிலோவை நாமே அனுப்பினால் என்ன நிகழும் என்று பார்ப்போம்.

அனுப்பியது — 1,000 கிலோ
வழியில் நசுங்கியதும் நிறையிற் கழிந்ததும் — 50 கிலோ
விற்ற 950 கிலோ, 95 ரூபா வீதம் — 90,250 ரூபா
தரகு நூற்றுக்குப் பத்து எனின் — 9,025 ரூபா
லொறிக் கூலி — 6,000 ரூபா
சாக்கும் ஏற்றுக்கூலியும் — 2,000 ரூபா
கையில் நிற்பது — 73,225 ரூபா

அதாவது அனுப்பிய கிலோ ஒன்றுக்கு 73 ரூபா 22 சதம். தோட்டத்து விலையாகிய 70 ரூபாவுடன் ஒப்பிட, 1,000 கிலோவுக்கு 3,225 ரூபாவே மிகுதி. சந்தைக்குச் சென்றுவரும் ஒரு நாள் கூலியாக 2,000 ரூபாவைக் கழித்தால் எஞ்சுவது 1,225 ரூபா. 25 ரூபாவாகத் தோன்றிய இடைவெளி, கணக்கிட்டபின் ஏறத்தாழ ஒரு ரூபாவாகச் சுருங்கிவிட்டது. இந்நிலையில் தோட்டத்தில் 70 ரூபா தருபவர் நேர்மையான விலையே தருகின்றார். ஆனால் அவரே 60 ரூபா கேட்பாராயின், மறுத்துச் சந்தைக்கு அனுப்பலாம் என்பதையும் இக்கணக்கே கூறுகின்றது.

வழியிற் சேதமாகும் 50 கிலோவையும் கவனிக்க. காய்கறிகளைச் சாக்கில் திணித்து ஏற்றுவதால் வரும் இச்சேதத்தைக் குறைக்கவே 2011 டிசம்பரில் பிளாஸ்டிக் கூடைகள் கட்டாயமாக்கப்பட்டன. கூடையின் விலையும், வெறுங் கூடையைத் திருப்பிக் கொணரும் செலவும் மிகுதி என எதிர்ப்பு எழுந்தது. சேதத்தால் போகும் பணம் எவ்வளவு, கூடைக்குப் போகும் பணம் எவ்வளவு என்று தம் கணக்கில் ஒப்பிட்டபின் எதுவும் முடிவு செய்யப்படல் வேண்டும்.

4. விலை பேசும் முறை

பேச்சு வன்மையால் விலை உயர்வது அரிது. மாற்று வழி உள்ளவரின் சொல்லுக்கே மதிப்பு உண்டு. ஆகவே வியாபாரி வருமுன், காலையில் இரண்டு சந்தைகளின் விலையைத் தொலைபேசியிற் கேட்டு அறிக. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் மொத்த விலைகளை நாள்தோறும் வெளியிடுகின்றது. இன்னொரு வியாபாரியிடமும் விலை கேட்டு வைத்துக்கொள்க. பின்னர் உரையாடல் பின்வருமாறு அமையலாம்.

வியாபாரி: “நானா, தம்புள்ளையில் சரக்குக் குவிந்து கிடக்கின்றது. அறுபதுக்கு மேல் எனக்குக் கட்டாது.”

கமக்காரர்: “முதலாளி, இன்று காலை அங்கே தொண்ணூற்றைந்து. தரகு, கூலி, கழிவு எல்லாம் போக எனக்கு எழுபத்துமூன்று நிற்கும். அறுபதுக்குத் தருவதிலும் லொறி பிடிப்பது மேல்.”

வியாபாரி: “அறுபத்தைந்து தருகிறேன். இன்றே ஏற்றுவோம்.”

கமக்காரர்: “தரம் பிரித்த சரக்கு, நாலாயிரம் கிலோவும் ஒரே இடத்தில் இருக்கிறது. உங்கள் லொறி வேறு தோட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. சாக்கு உங்களுடையது, பணம் ஏற்றும்போதே என்றால் எழுபதுக்குத் தருகிறேன்.”

இங்கே கமக்காரர் கோபம் காட்டவில்லை, வியாபாரியைக் குறைகூறவுமில்லை. தம் மாற்று விலையை எண்ணாற் கூறினார். வியாபாரிக்கு எது இலாபம் என்பதையும் எடுத்துக்காட்டினார். எழுபத்துமூன்றிலிருந்து எழுபதுக்கு இறங்கியபோது வெறுங்கையாக இறங்காமல், சாக்கையும் உடன்பணத்தையும் கேட்டுப் பெற்றார். விலையில் ஒன்றைக் கொடுக்கும்போது வேறொன்றைப் பெறுதல் வேண்டும் என்பது நினைவிற் கொள்ளத்தக்க விதியாகும்.

முழு அடக்கவிலை 80 ரூபாவாயிருக்க 70 ரூபாவுக்கு விற்றது சரியா என்று வினவலாம். அன்றைய நிலையில் சரியே. ஆனால் அவ்விலை நீடிக்குமாயின் அடுத்த போகத்தில் பீற்றூட்டின் பரப்பைக் குறைத்தல், அன்றி வேறு பயிரை இடுதல், அன்றிக் கழிவைக் குறைத்தல் பற்றி அவர் சிந்தித்தல் வேண்டும்.

பொறுத்திருக்கும் ஆற்றலும் பயிருக்குப் பயிர் வேறுபடும். முற்றிய பூசணியையும், நன்கு காய்ந்த செத்தல் மிளகாயையும், பதப்படுத்திய வெங்காயத்தையும் சில வாரம் வைத்திருக்கலாம். பீற்றூட்டைச் சில நாள் நிலத்தில் விட்டுவைக்கலாம், மிஞ்சினால் நார்பற்றும். தக்காளியும் வெண்டியும் காத்திரா. ஆகவே காத்திராத பயிருக்கு, பறிப்புத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னரே வாங்குவோரைத் தேடிக்கொள்க.

5. விலைக்குள் மறைந்திருக்கும் குறைப்புகள்

விலையைப் பேசி முடித்தபின், நிறுக்கும் இடத்தில் இழப்பவர் பலர். 50 கிலோ மூட்டைக்கு 2 கிலோ கழிப்பதென்றால், 1,000 கிலோவுக்கு 40 கிலோ போகும். 70 ரூபா வீதம் அது 2,800 ரூபா. கிலோவுக்கு 2 ரூபா 80 சதம் விலை குறைந்ததற்குச் சமம். ஆகவே கழிவு எவ்வளவு என்பதை விலையோடு சேர்த்தே பேசுக. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டத்தின்படி, வணிகத்திற் பயன்படும் தராசு சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். முத்திரையைப் பார்க்கக் கேட்பது அவமதிப்பு ஆகாது.

தவணைப் பணமும் மறைந்த குறைப்பே. ஒரு மாதம் கழித்து 70 ரூபா தருவதாக ஒருவரும், உடனே 69 ரூபா தருவதாக இன்னொருவரும் கூறின், எது மேல்? மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு வட்டியென்றால், ஒரு மாதத்தின் பின் வரும் 70 ரூபா இன்று 68 ரூபா 63 சதத்துக்கே சமம். பணம் வாராது போகும் அபாயத்தையும் எண்ணினால், உடன்பணம் 69 ரூபாவே மேல்.

6. நெற்செய்கையாளருக்கு

தப்போவ, இங்கினிமிட்டிய முதலிய குளங்களின் கீழ் நெற்செய்கை பண்ணுவோருக்கு ஈரப்பதனே பெரிய கேள்வி. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த கொள்வனவு விலைகள் கிலோவுக்கு நாடு 120 ரூபா, சம்பா 125 ரூபா, கீரிச் சம்பா 132 ரூபா ஆகும். ஈரம் நூற்றுக்கு 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லே உரிய தரமாகக் கொள்ளப்படும்.

நூற்றுக்கு 20 வீதம் ஈரமுள்ள 1,000 கிலோ நெல் 14 வீதத்துக்குக் காய்ந்தால் எவ்வளவு நிற்கும்? 1,000ஐ 80ஆல் பெருக்கி 86ஆல் வகுக்க, ஏறத்தாழ 930 கிலோ. ஆகவே நியாயமான கழிவு 70 கிலோ. வியாபாரி 100 கிலோ கழிப்பாராயின், 30 கிலோ அதிகம் போகின்றது; 120 ரூபா வீதம் அது 3,600 ரூபா. காயவைக்கும் கூலி இதனிலும் குறைவாயின், காயவைத்தே விற்கலாம். புசல் கணக்கில் விலை பேசுவோர், ஒரு புசல் நெல் 46 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 20.9 கிலோ என்பதை மனத்திற்கொண்டு கிலோ விலையுடன் ஒப்பிடுக.

7. வாங்கும்போதும் இதே கணக்கு

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அதன் பின்னர் பசளை விலை எவ்வளவு உயர்ந்ததென்பதைக் கமக்காரர் மறந்திரார். ஆகவே பசளையை மூட்டை விலையால் அன்றி, அதிலுள்ள ஊட்டத்தின் விலையால் மதிப்பிடுக. 50 கிலோ யூரியாவில் நூற்றுக்கு 46 வீதமாக 23 கிலோ நைதரசன் உண்டு. அதே நிறை அமோனியம் சல்பேற்றில் நூற்றுக்கு 21 வீதமாக 10.5 கிலோவே உண்டு. யூரியா மூட்டை 9,200 ரூபாவும் மற்றையது 6,300 ரூபாவும் எனின், நைதரசன் கிலோ ஒன்று முன்னதில் 400 ரூபா, பின்னதில் 600 ரூபா. கந்தகம் தேவைப்படும் நிலமல்லாவிடின், மலிவாகத் தோன்றும் மூட்டையே விலை மிக்கது. மேலும், மணல் நிலத்தில் மிகையாக இட்ட யூரியா கிணற்று நீரிலேயே கலக்கும். பணமும் போய் நீரும் கெடும்.

கடனுக்கு வாங்குவோர் வட்டியைக் கணக்கிடுக. கைக்காசுக்கு 9,200 ரூபாவாயுள்ள மூட்டையை, நான்கு மாதத் தவணையில் 10,580 ரூபாவுக்குப் பெற்றால், நான்கு மாதத்துக்கு நூற்றுக்கு 15, ஆண்டுக்கு 45 வீத வட்டியாகும். அத்துடன் விளைச்சலைக் கடன்கொடுத்தவருக்கே கிலோவுக்கு 5 ரூபா குறைத்துக் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இருப்பின், 4,250 கிலோவில் மேலும் 21,250 ரூபா போகும். அவசரத்துக்கு உதவியவரை வெறுக்க வேண்டியதில்லை. எனினும் அந்த உதவியின் விலையைத் தெரிந்தபின்னரே பெறுதல் வேண்டும்.

8. கூடி விற்றல்

200 கிலோ வைத்திருப்பவருக்கு லொறி பிடிக்க இயலாது. மாற்று வழியும் இல்லை. அயலவர் பதின்மர் சேர்ந்து 2,000 கிலோவை ஒரே தரமாகப் பிரித்து வைத்தால், வியாபாரி அவர்களைத் தேடி வருவார். பசளையையும் அவ்வாறே மொத்தமாக வாங்கலாம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற கமக்காரர் அமைப்புகள் இப்பணிக்கு ஏற்றவை. ஒருவர் சரக்கில் கெட்டதைக் கலந்தால் அனைவரின் பெயரும் கெடும் என்பதைக் கூட்டத்திலேயே பேசி உறுதி செய்துகொள்க.

நினைவிற் கொள்ளவேண்டியவை

விதைத்த நாள் முதல் ஒவ்வொரு செலவையும், வீட்டார் உழைத்த நாட்களையும், அன்றன்றே கொப்பியில் எழுதுக. விற்கத்தக்க நிறையாலேயே செலவை வகுக்க. மூன்று விலைகளையும் கொப்பியின் முதற் பக்கத்தில் குறித்து வைக்க. வியாபாரி வருமுன் மாற்று விலையை அறிக. விலை, கழிவு, சாக்கு, பணம் தரும் நாள் ஆகிய நான்கையும் ஒருங்கே பேசி, பற்றுச்சீட்டுப் பெறுக.

கணக்கெழுதும் முறையில் ஐயம் உள்ளோர் தம் பிரிவு விவசாயப் போதனாசிரியரைக் கொப்பியுடன் சந்திக்கலாம். 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் திணைக்களத்தின் ஆலோசனையைப் பெறலாம். ஒரு போகம் முழுவதும் எழுதிவந்த கமக்காரர், அடுத்த போகத்தில் எப்பயிரை எவ்வளவு இடலாம் என்பதைத் தம் கொப்பியைப் பார்த்தே தீர்மானிப்பார்.